தொழில் கூட்டங்களில் தயங்காமல் பழக: மதுரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கப்பலூர் பக்கம் அட்டைப்பெட்டி செய்யும் சின்ன யூனிட் நடத்துகிறேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு தொழில்முனைவோர் கூட்டத்துக்குப் போனேன். சட்டைப்பையில் 50 விசிட்டிங் கார்டு. டீ மேசைக்குப் பக்கத்தில் ஒரு தூணை ஒட்டி நின்றேன். போனைப் பார்ப்பதும் நிமிர்வதுமாக ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. வீட்டுக்கு வந்து எண்ணினால் 48 கார்டு மிச்சம். கார்டு வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் பெயர் கூட நினைவில் இல்லை.

அதே மாதம் திருமங்கலத்தில் சித்தப்பா வீட்டுக் காதுகுத்து. மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு என்னை நிறுத்திவிட்டார்கள். "வாங்க மாமா, அத்தை வரலையா? பையன் இப்ப எங்க வேலை பாக்குறான்?" என்று வந்தவர்கள் எல்லோரிடமும் பேசினேன். முன்பின் பார்க்காத சம்பந்தி வீட்டு ஆட்களிடமும் பேசினேன். ஒரு தயக்கமும் வரவில்லை.

கூட்டத்தில் தூணோடு நின்றவனும் வாசலில் நின்று பேசியவனும் நான்தான். பிறகு யோசித்துப் பார்த்தேன். மண்டப வாசலில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. யாரிடம் என்ன கேட்பது என்று தெரிந்திருந்தது. வந்தவர் யார், என்ன செய்தார் என்று எழுதிவைக்க மொய் நோட்டு இருந்தது. இந்த மூன்றையும் தொழில் கூட்டத்துக்கும் கொண்டுபோகலாம் என்று புரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக்கூடாது என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களிடம் எதற்குப் பேச வேண்டும்?

சொந்தபந்தம் இருக்கிறது, கூடப் படித்தவர்கள் இருக்கிறார்கள், அப்புறம் எதற்கு முன்பின் தெரியாத ஆட்கள் என்று என் அண்ணன் கேட்பார். நியாயமான கேள்விதான். 1973-ல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் இதற்கு நல்ல பதில் தந்திருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்த ஆளை நீங்கள் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 100-க்கு 17 பேர் கூட இல்லை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் எப்போதாவது பார்ப்பேன் என்றார்கள். கால்வாசிக்கும் மேல் ரொம்ப அரிதாகத்தான் பார்ப்பேன் என்றார்கள்.

காரணம் எளிது. உங்கள் பங்காளிக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேருமே ஒரே தெருவில், ஒரே டீக்கடையில் செய்தி கேட்கிறவர்கள். எப்போதாவது பார்க்கிறவர் வேறொரு வட்டத்தில் புழங்குகிறவர். அங்கே காலியாகும் வேலையும், அங்கே தேவைப்படும் பெட்டியும் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

முதல் படி: எந்தக் கூட்டத்துக்குப் போவது

எல்லாக் கூட்டத்துக்கும் போனால் அலைச்சல்தான் மிஞ்சும். மதுரையில் தொடங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காமராஜர் சாலையில் இருக்கும் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம். 1924-ல் தொடங்கியது. வணிகர்கள், ஏற்றுமதியாளர்கள், வரி விஷயம் தெரிந்தவர்கள் வரும் இடம். சிறு, குறுந்தொழில் நடத்துகிறவர்களுக்கு மடீட்சியா என்ற அவர்களுடைய சங்கம். உணவுப் பொருள், விவசாயம் சார்ந்த யோசனை இருந்தால் வேளாண் கல்லூரி வளாகத்தில் இருக்கும் மாபிஃப் என்ற தொழில் வளர்ப்பு மையம். புதுத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்குத் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பின் வட்டார மையம். பெரிய கண்காட்சி என்றால் தமுக்கம்.

ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைப் பரிந்துரைத்துக்கொள்ளும் பி.என்.ஐ. போன்ற அமைப்புகள் வாரம் தவறாமல் கூடும். ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவரைத்தான் சேர்ப்பார்கள், கட்டணமும் உண்டு. புதியவர்கள் எடுத்த எடுப்பில் அங்கே பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. முதல் ஆறு மாதம் இலவசக் கூட்டங்களிலும் கண்காட்சிகளிலும் பழகுங்கள். உங்களுக்கு எந்த வட்டம் தேவை என்று அதற்குள் தெரிந்துவிடும்.

மேடையில் பேசத்தான் நடுக்கம் என்றால் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் நல்ல இடம். அங்கே வருகிறவர்கள் எல்லோருமே பேசிப் பழகத்தான் வருகிறார்கள்.

இரண்டாம் படி: வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை

தைரியத்தில் பாதி இங்கேதான் கிடைக்கிறது. "நீங்க என்ன பண்றீங்க?" என்ற கேள்வி எந்தக் கூட்டத்திலும் வரும். அதற்கு நான் முன்பு சொன்ன பதில்: "கொருகேட்டட் பேக்கேஜிங் பண்றோம் சார்." கேட்டவர் "ஓ, சரி சரி" என்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இப்போது சொல்வது: "அப்பளம், வத்தல், பூ இதெல்லாம் வெளியூர் அனுப்புறவங்களுக்கு, வழியில நசுங்காத அட்டைப்பெட்டி செஞ்சு தர்றேன். கப்பலூர்ல இருக்கேன்." இதில் மூன்று விஷயம் இருக்கிறது: யாருக்குச் செய்கிறேன், அவர்களுடைய எந்தத் தொல்லையைத் தீர்க்கிறேன், எங்கே இருக்கிறேன். கேட்டவர் அடுத்த கேள்வி கேட்க இடம் கிடைக்கிறது. "பூவுக்குக் கூட அட்டைப்பெட்டியா?" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள்.

வேலை தேடுகிறவர்களும் இதே முறையில் தயார் செய்யலாம். "பி.காம் முடிச்சிருக்கேன் சார், வேலை தேடுறேன்" என்பதைவிட "ரெண்டு கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பாத்துக்கிட்டு இருக்கேன். மாசக் கடைசியில அவங்களுக்கு இருக்குற பதட்டத்தைக் குறைக்கிறதுதான் என் வேலை. முழுநேரமா ஒரு ஆபீஸ்ல சேரணும்னு பாக்குறேன்" என்பது மனதில் நிற்கும்.

இதை எழுதி, வாய்விட்டுப் பத்துத் தடவையாவது சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது. வண்டி ஓட்டும்போது சொல்லலாம். வீட்டில் யாரிடமாவது சொல்லி, "நான் என்ன தொழில் செய்யுறேன்னு புரிஞ்சுதா?" என்று கேட்கலாம். என் அம்மாவுக்குப் புரிந்த பிறகுதான் அந்த வாக்கியத்தை வெளியே கொண்டுபோனேன்.

அழைப்பிதழில் பேச்சாளர்கள் பெயர் இருக்கும். மூன்று பேரைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் கேட்க ஒரு கேள்வி எழுதிவையுங்கள். மூன்று போதும்.

கூச்சம் ரொம்ப அதிகம் என்றால், கூட்டம் நடத்துகிறவர்களை முன்கூட்டியே அழைத்து, "பதிவு மேசையில ஆள் வேணுமா, நான் வந்து நிக்கட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். சந்தனக் கிண்ணம் கையில் இருந்தது போலத்தான் இதுவும். வருகிறவர்கள் தானாக உங்களிடம் வந்து பெயர் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டின்போது ஹாலில் பாதிப் பேருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்கும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு நான் சொல்லும் யோசனைகளில் இதுதான் அதிகம் பலித்திருக்கிறது.

மூன்றாம் படி: உள்ளே நுழையும் முதல் பத்து நிமிடம்

இருபது நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். நிரம்பிய ஹாலுக்குள் நுழைவதுதான் கஷ்டம். பத்துப் பேர் இருக்கும் ஹாலில் எல்லோருமே பேச்சுத்துணை தேடிக்கொண்டிருப்பார்கள். நெஞ்சு படபடத்தால் வாசலில் நின்று மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். ஐந்தாறு முறை செய்தால் உடம்பு அடங்கும்.

உங்கள் கார்டு சட்டைப்பையில், வாங்கும் கார்டு பேன்ட் பையில் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். டீ கப்பை இடது கையில் பிடியுங்கள். பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம் சொல்லுங்கள். அவர்கள் கை நீட்டினால் கை கொடுங்கள்.

யாரிடம் போவது? தனியாக நிற்கிறவரிடம் போங்கள். அன்று தூணோடு நின்ற என்னிடம் யாராவது வந்து பேசியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். இரண்டு பேர் முகத்துக்கு முகம் பார்த்து நெருங்கி நின்றால் அது அவர்களுக்குள் பேச்சு, விட்டுவிடுங்கள். மூன்று பேர் 'ப' எழுத்துப் போல ஒரு பக்கம் திறந்து நின்றால் அங்கே போய் நிற்கலாம். "நானும் சேர்ந்துக்கலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை. சாப்பாட்டு வரிசை இன்னும் சுலபம். முன்னால் நிற்கிறவர் எங்கேயும் போகப்போவதில்லை.

முதல் வார்த்தைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். "வணக்கம் சார், எங்கிருந்து வர்றீங்க?" போதும். நம் பக்கம் ஊரைக் கேட்டாலே பேச்சு ஓடும். மேலூர் என்றால் ஒன்று, வாடிப்பட்டி என்றால் ஒன்று பேச இருக்கும். ஆனால் ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "அங்க எந்தத் தெரு, எந்த ஆளுங்க" என்று தோண்டிச் சாதியைத் தெரிந்துகொள்ளப் பார்ப்பது அசிங்கம். அந்த இடத்திலேயே எதிரில் இருப்பவர் மனசு மூடிவிடும். உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால், "தொழில் கப்பலூர்லங்க" என்று பேச்சைத் தொழிலுக்குத் திருப்பிவிடுங்கள்.

நான்காம் படி: பேச்சை வளர்ப்பது

ஒரு கண்காட்சியில் மல்லிகை ஏற்றுமதி செய்கிற ஒருவரைப் பார்த்தேன். அறிமுகம் முடிந்ததும், "பெட்டியெல்லாம் நமக்கு வாடிக்கையா ஒருத்தர் தர்றாரு தம்பி" என்றார். நாசூக்காக வழியனுப்புகிற வார்த்தை. பழைய நானாக இருந்தால் கார்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்திருப்பேன். அன்று கேட்டேன்: "சரிங்கண்ணே. தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன், பூவோட ஐஸ் வைக்கிறீங்களே, பெட்டி அடி நமுத்துப் போகாதா?"

"அதை ஏன் கேக்குற!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பத்து நிமிடம் அவர்தான் பேசினார். எந்த நேரத்தில் மொட்டு பறிக்கிறார்கள், பெட்டி கட்டி எத்தனை மணி நேரம் கழித்து விமானம் ஏறுகிறது, எந்த இடத்தில் ஈரம் வெளியே கசிகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் இடையில் கேட்டது மூன்றே கேள்வி. மூன்றும் அவர் அப்போதுதான் சொன்ன விஷயத்திலிருந்து எடுத்த கேள்வி. என் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிரியும்போது அவரே கார்டு கேட்டார்.

பேச்சு வளர்ப்பதென்றால் இதுதான். அவர் கடைசியாகச் சொன்னதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதையே கேளுங்கள். அடுத்து நாம் என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தால் அவர் சொல்வது காதில் விழாது. விற்கிற பேச்சைக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். ஹாலில் ஆர்டர் கேட்பது, பெண் பார்க்கப் போன இடத்திலேயே தாலி கட்டக் கேட்பது மாதிரி.

பெயரை இரண்டு முறையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அறிமுகத்தின்போது ஒன்று, விடைபெறும்போது ஒன்று. அழைக்கும் முறையும் முக்கியம். அதிகாரிகளும் பேராசிரியர்களும் சார், மேடம். பலசரக்கு மொத்த வியாபாரத்தில் மூத்தவர் என்றால் அண்ணாச்சி. நம் வயதைவிடக் கொஞ்சம் மூத்த தொழிலதிபரைப் பழகிய பிறகு அண்ணே என்று கூப்பிடலாம். முதல் நிமிடத்திலேயே அண்ணே என்றால் சிலருக்குப் பிடிக்காது, அவர் நம்மைத் 'தம்பி' என்கிறவரை சார் போட்டுக்கொள்ளுங்கள். நம்மைவிடச் சின்னவராக இருந்தாலும் 'நீங்க'தான்.

இங்கிலீஷ் பயம்

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மதுரைப் பக்கம் திறமையான எத்தனையோ பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதற்கு இது ஒன்றுதான் காரணம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் இங்கிலீஷில் பேசத் தொடங்கியதும் நம் ஆட்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். லேத் பட்டறை நடத்துகிற என் நண்பர் நூலிழை பிசகாமல் வேலை செய்வார். ஒரு பெரிய கம்பெனியின் கொள்முதல் அதிகாரி எதிரில் நின்றபோது, இங்கிலீஷ் வராது என்று நழுவிவிட்டார். அந்த அதிகாரி தேனிக்காரர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

தமிழில் தொடங்குங்கள். எதிரில் இருப்பவர் தமிழர் என்றால் பெரும்பாலும் அவருக்கும் அதுதான் நிம்மதி. தமிழ் தெரியாதவர் என்றால் அதற்கென்று நான்கு வாக்கியம் மட்டும் இங்கிலீஷில் மனப்பாடமாக வைத்திருங்கள்: பெயர், தொழில், யாருக்குச் செய்கிறோம், மாதிரி அனுப்பலாமா. மீதியைப் பொருளைக் காட்டியே பேசலாம். நான் எப்போதும் உள்ளங்கை அளவுக்கு வெட்டிய அட்டைத்துண்டு இரண்டு வைத்திருப்பேன், ஒன்று மூன்று அடுக்கு (3 பிளை), ஒன்று ஐந்து அடுக்கு (5 பிளை). வளைத்துப் பார்க்கக் கொடுத்தால் போதும், மொழி பின்னால் போய்விடும். சுங்குடிச் சேலைக்காரர் ஒரு கைக்குட்டை அளவுத் துணி கொண்டுபோகலாம். மென்பொருள் செய்கிறவர் போனில் அரை நிமிட வீடியோ வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: விடைபெறுவது

ஒரே ஆளோடு கூட்டம் முழுக்க ஒட்டிக்கொண்டிருப்பதும் பயத்தின் இன்னொரு முகம்தான். பத்து நிமிடம் ஆனதும், "ரொம்ப நல்லாப் பேசினோம் சார், நீங்க சொன்ன விவரத்தை நாளைக்கு அனுப்புறேன்" என்று சொல்லிக் கிளம்பலாம். இதைவிட நல்ல வழி, அவரை இன்னொருவரோடு சேர்த்துவிடுவது. "அண்ணே, இவரு ஊறுகாய் போடுறாரு, நீங்க பாட்டில் தர்றீங்க, பேசிக்கிட்டு இருங்க." எனக்கு இதில் ஒரு பைசா வராது. ஆனால் இரண்டு பேரும் என்னை மறக்கமாட்டார்கள். புதிதாக வருகிறவரும் இதைச் செய்யலாம், காலையில் சந்தித்த இரண்டு பேர் போதும்.

பெண்களுக்குச் சில வார்த்தை, என் தங்கை அனுபவத்திலிருந்து. அவள் நைட்டி தைத்து மொத்தத்துக்குக் கொடுக்கிறாள். மாலைக் கூட்டங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போவாள், ஆனால் உள்ளே போனதும் இருவரும் பிரிந்துவிடுவார்கள். கார்டில் சொந்த எண் இருக்காது, தொழிலுக்கென்று தனி சிம், அதில்தான் வாட்ஸ்அப் பிசினஸ். "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று முதலில் கேட்பவரிடம் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு, "நீங்க என்ன சரக்கு எடுக்குறீங்க?" என்று திருப்பிவிடுவாள்.

ஆறாம் படி: மொய் நோட்டு

கூட்டம் முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். வண்டியை எடுப்பதற்கு முன், வாங்கிய ஒவ்வொரு கார்டின் பின்னாலும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் முகங்கள் கலந்துபோகும். போனில் க்யூஆர் ஸ்கேன் செய்து சேமித்தாலும், பெயருக்குப் பக்கத்தில் எங்கே பார்த்தோம் என்பதைச் சேருங்கள். வெறும் 'குமார்' என்று என் போனில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

பிறகு நோட்டு. என்னுடையது சாதாரண நீள நோட்டு. பெயர், ஊர், தொழில், எங்கே எப்போது பார்த்தோம், என்ன பேசினோம், நான் செய்ய வேண்டியது, செய்த தேதி. அந்த மல்லிகைக்காரர் பெயருக்கு எதிரே இப்படி இருக்கிறது: "பெட்டி அடியில் ஈரம். மெழுகு பூசிய அட்டை, 2 மாதிரி. விலை பேசக் கூடாது."

மொய் செய்முறையில் நமக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. மொய் வைத்தவர் மறுநாளே வந்து திருப்பிக் கேட்கமாட்டார். அவர் வீட்டில் விசேஷம் வரும்போது நாம் மறக்காமல் போய் நிற்க வேண்டும். தொழில் பழக்கத்துக்கும் அதே பொறுமையும் அதே ஞாபகமும் வேண்டும்.

24 மணி நேரத்துக்குள் ஒரு செய்தி அனுப்புங்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்: "வணக்கம் சார். நேற்று தமுக்கம் கண்காட்சியில் பேசினோம், கப்பலூர் அட்டைப்பெட்டிக்காரன். பெட்டி அடி நமுத்துப்போவது பற்றிச் சொன்னீர்கள். மெழுகு பூசிய அட்டையில் இரண்டு மாதிரி செய்கிறேன், வியாழக்கிழமை கொண்டுவந்து தரலாமா?" யார், எங்கே, என்ன பேசினோம், அடுத்து என்ன. அதோடு நிறுத்துங்கள். கேட்லாக், விலைப்பட்டியல், யூடியூப் லிங்க் எதுவும் முதல் செய்தியில் வேண்டாம்.

சொன்ன நாளில் சொன்னதைச் செய்யுங்கள். பத்து நாள் கழித்து அவருக்குப் பயன்படும் ஏதாவது ஒன்று அனுப்புங்கள், ஒரு மானிய அறிவிப்போ ஒரு கண்காட்சித் தேதியோ. பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். ஆயுத பூஜைக்குப் பொரிகடலையோடு ஒரு அழைப்பு அருமையான சாக்கு. தினமும் குட் மார்னிங் படம் அனுப்பினால் உங்கள் எண்ணை மியூட்டில் போட்டுவிடுவார்கள்.

மல்லிகைக்காரர் எட்டு மாதம் எனக்கு ஒரு ஆர்டரும் தரவில்லை. ஐந்தாவது மாதம் அவர் சொல்லி, விருதுநகரிலிருந்து வத்தல் ஏற்றுமதி செய்கிறவர் ஒருவர் போன் செய்தார். இன்று என் மாத வியாபாரத்தில் நல்ல பங்கு அந்த விருதுநகர்க்காரருடையது.

பதில் வராவிட்டால்

வராது, பல பேரிடமிருந்து. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை அனுப்புங்கள், அதற்கு மேல் துரத்த வேண்டாம். 'நான் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லையோ' என்று இரவெல்லாம் புரள வேண்டாம். 2018-ல் எரிகா பூத்பியும் அவருடைய சக உளவியலாளர்களும் புதிதாகச் சந்தித்துப் பேசியவர்களை ஆராய்ந்தார்கள். எதிரில் இருப்பவருக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்பதை உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று கண்டார்கள். அவரும் வீட்டுக்குப் போய் உங்களைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கலாம்.

மூன்று மாதப் பயிற்சி

முதல் மாதம் கூட்டத்துக்கே போக வேண்டாம். தினமும் தெரியாத ஒருவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். டீ மாஸ்டர், பஸ்ஸில் பக்கத்து சீட்காரர், மாட்டுத்தாவணியில் பூ கட்டும் அக்கா, யாராக இருந்தாலும் சரி. பேச்சைத் தொடங்கும் கூச்சம் இதிலேயே பாதி போய்விடும். இரண்டாம் மாதம் ஒரு சின்னக் கூட்டம், மூன்று பேரிடம் பேச்சு, மூன்று செய்தி. மூன்றாம் மாதம் ஒரு பெரிய கண்காட்சி, அதில் கேள்வி நேரத்தில் எழுந்து பெயரையும் தொழிலையும் சொல்லி ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்வியால் ஹால் முழுக்க நீங்கள் யார் என்று தெரிந்துவிடும். இடைவேளையில் இரண்டு பேராவது உங்களைத் தேடி வருவார்கள்.

நான் இப்போதும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்தின இரவு நோட்டைப் புரட்டி, வரக்கூடியவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன். யார் மகளுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்திருக்கும், யார் புது மெஷின் வாங்குவதாகச் சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கும். மறுநாள் ஹாலுக்குள் போனதும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.